நான்காவது பிரதாபன்

எங்கள் சனசமூக நிலையத்தின் சென்ற மலரில் "எங்கள் பிரதாபன்கள்" என்று மூன்று பேரைப் பற்றிக் கட்டுரை வந்திருந்தது. கரப்பந்தாட்ட வீரர் பிரதாபன், விவசாயி பிரதாபன், அறிவிப்பாளர் பிரதாபன். மூவருக்கும் படமும் போட்டிருந்தார்கள். ஆனால் நெடுங்கேணியில் நான்காவதாக ஒரு பிரதாபன் இருக்கிறார். அவர் என்னுடைய தம்பி. விட்டது பிழை என்று நான் நிலையத்துக்கு நேரில் போய்ச் சொன்னேன்.

"அக்கா, அவர் என்ன செய்தவர்?" என்று செயலாளர் சுரேகா கேட்டார்.

"எழுதித் தந்தால் போடுவீங்களோ?" என்று கேட்டேன். போடுவோம் என்றார். ஆகவே எழுதுகிறேன். நான் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவள், தையல் வேலை செய்கிறேன். அளவெடுக்கும்போது ஒரு தரத்துக்கு இரண்டு தரம் நாடா பிடிப்பதுபோல, இதில் வரும் திகதி, நேரம், பேச்சு எல்லாவற்றையும் உரியவர்களிடம் இரண்டு தரம் கேட்டே எழுதியிருக்கிறேன்.

முதலில் பெயரைப் பற்றிச் சொல்லவேண்டும். 1994, 1995ஆம் ஆண்டுகளில் எங்கள் பகுதியில் பிரசவம் பார்க்கிற குடும்பநல மாது ஒருவர் வேலை செய்தார். அவருக்கு வரிசையாக நான்கு பெண்பிள்ளைகள். ஆண்பிள்ளைக்கென்று அவர் எடுத்துவைத்திருந்த பெயர் பிரதாபன். அந்தப் பெயரை வீணாக்க அவருக்கு மனமில்லை. பெயர் முடிவாகாத வீடுகளுக்குப் போய், "பிரதாபன் எண்டு வையுங்கோ, கம்பீரமா இருக்கும்" என்று சொல்வார். எங்கள் அம்மா கமலாசனி முதல்நாள் சம்மதிக்கவில்லை. மறுநாளும் வந்து நின்றார். மூன்றாம் நாளும் வந்தபோது அம்மா பயந்து சம்மதித்துவிட்டார். தம்பி பிறந்தது 1994ஆம் ஆண்டு ஐப்பசி 9ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு பத்துக்கு.

ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி அவனை ஒருவரும் கூப்பிட்டதில்லை. எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குப் பதிவுக்கு ஒரு பெயர், வாய்க்கு ஒரு பெயர். வீட்டில் அவன் ரூபன். ஊரிலும் ரூபன்தான். தண்ணீர் இறைக்கிற மிசின் திருத்தத் தொடங்கிய பிறகு மிசின் ரூபன். பிரதாபன் என்பது பிறப்புச் சான்றிதழிலும், சாதகக் குறிப்பிலும், அடையாள அட்டையிலும் மட்டும் வசித்துவந்தது.

இடம்பெயர்ந்து, திரும்பி வந்து குடியேறியபோது தம்பிக்குப் பதினைந்து வயது. சாதாரண தரப் பரீட்சை எழுதினான். கணிதத்தில் சித்தியடைந்தான். பிறகு பக்கத்துக் காணியில் துருப்பிடித்துக் கிடந்த இறைக்கிற மிசின் ஒன்றைக் கழற்றினான். ஒரு மாதம் பூட்டத் தெரியாமல் இருந்தான். பிறகு பூட்டினான். அன்றிலிருந்து இதுதான் தொழில். நெடுங்கேணியிலிருந்து ஒட்டுசுட்டான் வரையில் அவன் வயிற்றைத் திறந்து பார்க்காத மிசின் இல்லை என்றே சொல்லலாம்.

அவனுடைய குணத்தையும் எழுதவேண்டும். அவன் பேசமாட்டான். ஒரு நாளைக்கு எத்தனை சொல் பேசுகிறான் என்று ஒருமுறை காலையிலிருந்து படுக்கும்வரை எண்ணிப் பார்த்தேன். நாற்பத்திரண்டு. அதில் இருபது "ஓம்".

முப்பது வயதாகியும் கலியாணம் சரிவரவில்லை. மூன்று இடத்தில் குறிப்புப் பொருந்தவில்லை. நான்காவதாகத் தரகர் கொண்டுவந்தது விசுவமடு. பெண்ணின் பெயர் கஜனி, முன்பள்ளி ஆசிரியை. குறிப்பு நன்றாகப் பொருந்தியது. நான் படத்தைத் தம்பியிடம் நீட்டினேன். அவன் கையில் எண்ணெய். எட்டிப் பார்த்தான். போய்ச் சவர்க்காரம் போட்டுக் கைகழுவிக்கொண்டு வந்து, வாங்கிப் பார்த்தான்.

"சரி அக்கா" என்றான்.

முன்பு வந்த மூன்று படங்களுக்கும் அவன் கைகழுவியதில்லை. அடுத்தநாள், வெள்ளிக்கிழமைகூட இல்லை, மோட்டர்சைக்கிளைக் கழுவினான். உறைக்குள் வைத்த படத்தைக் காணவில்லை. மூன்று நாள் தேடினேன். அது அவன் மிசின் கழற்றுகிற சாவிகள் வைக்கும் பெட்டிக்குள், பத்தாம் நம்பர்ச் சாவிக்கும் பதினோராம் நம்பருக்கும் இடையில், எண்ணெய் படாமல் பொலித்தீனில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. இந்தக் கலியாணம் நடக்காவிட்டால் என் தம்பி இனி எந்தப் படத்துக்கும் கைகழுவமாட்டான் என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

குறிப்புப் பொருந்தினால் அடுத்தது விசாரிப்பு. பெண்வீட்டார் ஒருவர் மாப்பிள்ளையின் ஊருக்கு வந்து, கடைகளிலே குணம் நடை கேட்டுக்கொண்டு போவார். ஏன் கேட்கிறார் என்று சொல்லக்கூடாது. மாப்பிள்ளையின் தகப்பனுடைய பெயரையும் சொல்லக்கூடாது. சொன்னால் விடயம் வெளித்துவிடும். கஜனியின் தகப்பனார் மூன்று சங்கங்களுக்குத் தலைவர், அவருக்கு நேரமில்லை. ஆகவே தாய்மாமன் வீரகத்தி வந்தார். அவர் நீர்ப்பாசனப் பகுதியில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். இதுவரை பதினொரு கலியாணங்களுக்கு விசாரித்தவர். பதினொன்றும் நல்லாயிருக்கின்றன என்பது அவருடைய பெருமை.

சென்ற வருடம் பங்குனி 12ஆந் திகதி புதன்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு அவர் புளியங்குளம் சந்தியில் பஸ்ஸால் இறங்கி, பக்கீர் நானாவின் தேத்தண்ணிக் கடைக்குள் போனார்.

"நானா, ஒரு பிளேன்ரீ. நான் மாடு வாங்க வந்தனான்."

"நல்லது. எங்கை பாக்கப் போறீங்கள்?"

"நெடுங்கேணிப் பக்கம். அங்கை பிரதாபன் எண்டு ஒரு தம்பி இருக்கிறாராம். குடி, வெறி ஒண்டும் இல்லையோ?"

மாடு வாங்க வந்தவர் ஒரு பெடியனுடைய குடிப்பழக்கத்தை ஏன் கேட்கவேண்டும்? பக்கீர் நானாவுக்கு உடனே விளங்கிவிட்டது. ஒரு பிள்ளைக்குக் கலியாணம் கூடிவருகிற நேரத்தில் குறைத்துச் சொல்ல அவருக்கு மனம் வராது. அவருக்குத் தெரிந்த பிரதாபன் ஒருவர்தான். மாவட்ட அணிக்குக் கரப்பந்து விளையாடுகிறவர்.

"பிரதாபனோ! தங்கமான பெடியன். ஆறடி ரெண்டு அங்குலம். எங்கட கடையிலை மாட்டியிருக்கிற அந்தக் கிண்ணம் அவன் வெண்டதுதான். விடிய அஞ்சு மணிக்கு மைதானத்திலை நிப்பான். பிளேன்ரீகூடச் சீனி இல்லாமல்தான்."

வீரகத்தி மாமா கொப்பியை எடுத்து எழுதிக்கொண்டார். அங்கிருந்து பஸ் பிடித்து நெடுங்கேணிச் சந்தைக்கு வந்தார். மரக்கறி விற்கிற அக்காவிடம் போனார்.

"பிள்ளை, நான் மாடு வாங்க வந்தனான். உங்கை பிரதாபன் எப்பிடி ஆள்?"

"ஐயோ, அந்தப் பிள்ளையைப் போலக் கிடையாது. போன வருசம் கண்காட்சியிலை அவற்றை பூசணிக்காய் நாப்பத்தொரு கிலோ. நாலு பேர் தூக்கினவை. இன்னும் கலியாணம் செய்யேல்லை" என்றார் மரக்கறி அக்கா. கடைசி விபரத்தை மாமா கேட்கவே இல்லை.

"நல்ல உயரம் என்ன?"

"உயரமோ? ஆள் கட்டையெல்லோ. என்ரை தோளளவுதான்."

மாமா யோசித்தார். "தோட்டத்திலை கண்டனீங்களோ?"

"ஓம், எந்நேரமும் தோட்டம்தான்."

"அப்ப குனிஞ்சு நிண்டிருப்பார்" என்று சொல்லி, "நிமிர்ந்தால் ஆறடி" என்று கொப்பியில் எழுதினார். அந்தக் கொப்பியை நான் பிறகு என் கண்ணால் பார்த்தேன்.

மூன்றாவதாக, தபால் கந்தோருக்குப் பக்கத்தில் கன்றுக்குட்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவரைக் கேட்டார். அவர் சொன்னது அறிவிப்பாளர் பிரதாபனை.

"அண்ணை, அவற்றை குரல் மணிக்குரல். எந்தக் கோயில் திருவிழா எண்டாலும் மைக் அவற்றை கையிலைதான். செத்தவீட்டு அறிவித்தல் ஓட்டோவிலை சொல்லிக்கொண்டு போனாரெண்டால், செத்தவரும் எழும்பி ஒருக்கால் கேட்டுட்டுத்தான் படுப்பார்."

"வீடு எங்கை? குளத்துக்கு அங்காலையோ?"

"இல்லை, உந்தா, தபால் கந்தோருக்குப் பின்னாலை."

பூசணிக்காய்ப் பிரதாபனின் வீடு குளத்துக்கு அப்பால் என்று மரக்கறி அக்கா சொல்லியிருந்தார். மாமா இரண்டையும் கூட்டி, "வீடு இரண்டு" என்று எழுதினார்.

பிறகுதான் அவருக்குச் சிக்கல். கன்றுக்குட்டிக்காரர், "மாடு வாங்க வந்தனெண்டு மரக்கறிக் கடையிலை சொன்னீங்களாம். இந்தாங்கோ மாடு" என்றார். வாங்காமல் போனால் விசாரிக்க வந்தது வெளித்துவிடும் என்று மாமா பயந்தார். அது அந்நேரம் நெடுங்கேணி முழுவதுக்கும் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. கன்றுக்குட்டியை வாங்கி, விசுவமடுப் பக்கம் போகிற ஒரு லான்ட்மாஸ்ரர் உழவுமிசினைப் பேசிப் பிடித்தார். குட்டி அதன் பின்பெட்டிக்குள் ஏறமாட்டேன் என்று நின்றது.

அப்போது அந்த வழியால் மோட்டர்சைக்கிளில் வந்த ஒரு பெடியன் நிறுத்தி, இறங்கி, குட்டியை ஒரே தூக்காகத் தூக்கி ஏற்றினான். நேரம் பதினொன்று இருபத்தைந்து.

"நல்லாயிரு ராசா. பேரென்ன?"

"ரூபன்."

"நல்ல பிள்ளை" என்று சொன்னார் மாமா. கொப்பியை எடுக்கவில்லை. அவர் மூன்று மணித்தியாலமாக விசாரித்துத் திரிந்த மாப்பிள்ளை அவருடைய கன்றுக்குட்டியை ஏற்றிவிட்டுப் போய்விட்டான்.

நான்கு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, தரகர் வந்தார். கதிரையின் நுனியில் இருந்தார். அப்படி இருந்தால் நல்ல செய்தி இல்லை.

"பிள்ளை, குறை நினைக்காதையுங்கோ. அவை வேண்டாம் எண்டினம்."

"ஏனாம்? தம்பியிலை என்ன குறையாம்?"

"குறை ஒண்டுமில்லையாம். அதுதான் குறையாம்."

"விளங்கேல்லை."

"உங்கட தம்பி கனக்கப் பேரெடுத்த ஆளாம். அந்தப் பிள்ளை பயப்பிடுது."

உண்மையை எழுதவேண்டும். அப்போது எனக்குச் சந்தேகம் ஒன்றும் வரவில்லை. என் தம்பியின் அருமை விசுவமடு வரைக்கும் தெரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அம்மா, "நாவூறு பட்டிட்டுது" என்று மிளகாய் எடுக்கக் குசினிக்குள் போனார். தரகர் பட்டியலை வாசித்தார். நல்ல கரப்பந்தாட்டக்காரன் என்றார். ஆறாம் வகுப்பில் ஒருநாள் விளையாடினவன்தான், அதைப் பார்த்த யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பூசணிக்காய் என்றார். வேலியில் ஒரு கொடி எங்களிடமும் இருந்தது, இரண்டு காய்த்ததுதான். வீடு இரண்டு என்றார். கோழிக்கூட்டைச் சேர்த்தார்களாக்கும். மணிக்குரல், கோயில் கோயிலாக மைக்கில் பேசுகிறவர் என்று வாசித்தபோதுதான் நிமிர்ந்தேன். நாளுக்கு நாற்பத்திரண்டு சொல் பேசுகிற என் தம்பியோ?

"அந்தப் பிள்ளை என்ன சொன்னவள் எண்டு அப்பிடியே சொல்லுங்கோ" என்றேன்.

தரகர் சொன்னார்: "'விடிய வொலிபோல், பகல் பூசணிக்காய், பின்னேரம் மைக். இந்த மனிசன் எப்ப வீட்டை வரும்? அப்பாவும் மூண்டு சங்கத்துக்குத் தலைவர். அம்மா சோத்தை மூடி வைச்சுக்கொண்டு இருபத்தெட்டு வருசமா இருக்கிறா. நானும் மூடிக்கொண்டு இருக்கேலாது. பேர்போன ஆள் எனக்கு வேண்டாம்' எண்டு சொல்லிப்போட்டுது."

தம்பி குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். தரகர் போனபின் படத்தைப் பொலித்தீனோடு கொண்டுவந்து என்னிடம் தந்தான்.

"அந்தப் பிள்ளை சொன்னது சரிதானே அக்கா. அப்பிடி ஒரு ஆள் நேரத்துக்கு வீட்டை வரமாட்டான்தான்" என்றான். அந்த மாதத்தில் அவன் பேசிய ஆகக்கூடிய பேச்சு அது. பின்னேரம் முற்றத்தில் இருந்து, பழுதில்லாத ஒரு மிசினைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினான்.

என் தம்பியை உயர்த்திப் பேசியே முப்பது வருடம் பழகியவள் நான். இப்போது அவன் ஒரு பேரும் எடுக்காதவன் என்று நிரூபிக்கவேண்டும். எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. முதலில் கிராம சேவையாளரிடம் போனேன்.

"ஐயா, தம்பி சாதாரண ஆள் எண்டு ஒரு கடிதம் வேணும்."

"அக்கா, வதிவிடத்துக்குக் கடிதம் இருக்கு. நன்னடத்தைக்கு இருக்கு. சாதாரண ஆள் எண்டதுக்குப் படிவம் இல்லை."

"வெள்ளைத் தாளிலை எழுதித் தாங்கோவன்."

"சரி, நீங்கள் சொல்லுங்கோ, நான் எழுதுறன். 'மேற்படி நபரிடம் விசேட திறமை எதுவும் இல்லை.' சரியோ?"

ஓம் என்று சொல்லவேண்டும். வாய் வரவில்லை. "திறமை இல்லை எண்டு எப்பிடிச் சொல்லுறது ஐயா? அவன் கழட்டாத மிசின் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு சத்தத்திலையே பிழை சொல்லுவான்" என்றேன்.

"அப்ப விசேட திறமை உள்ளவர் எண்டு எழுதட்டோ?"

"வேண்டாம்!" என்று சொல்லிவிட்டுக் கடிதம் இல்லாமலே வந்துவிட்டேன்.

கடிதம் சரிவராது, ஆட்களையே காட்டவேண்டும் என்று முடிவெடுத்தேன். மூன்று பிரதாபன்களின் வீட்டுக்கும் போய் விடயத்தைச் சொன்னேன். மூவரும் நல்ல மனிதர்கள். "என்னாலை ஒரு பெடியன்ரை கலியாணம் குழம்பக்கூடாது அக்கா" என்று அறிவிப்பாளர் சொன்னார். வீட்டுக்குள் இருந்து சொன்னது, ஆனால் தபால் கந்தோரில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தரகர் மூலம், நாங்கள் ஒரு முறை வந்து பேசிவிட்டுப் போகிறோம் என்று மட்டும் விசுவமடுவுக்குச் சொல்லி அனுப்பினோம்.

சித்திரை 27, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழேகாலுக்கு வானில் புறப்பட்டோம். கால் நீளம் என்பதால் கரப்பந்தாட்டப் பிரதாபன் முன் ஆசனத்தில் இருந்தார். பூசணிக்காய்ப் பிரதாபன் வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஒரு பூசணிக்காயை மடியில் வைத்திருந்தார். பத்தொன்பது கிலோ. "இது சின்னன்" என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். அறிவிப்பாளர் ஒரு சிறிய ஒலிபெருக்கிப் பெட்டி கொண்டுவந்தார். எதற்கு என்று கேட்டேன். பழக்கம் என்றார். தம்பி பின்னால், அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் இருந்தான். ஒட்டுசுட்டானைத் தாண்டும்வரை ஒரு சொல்லும் பேசவில்லை. புதுக்குடியிருப்பில் "தண்ணி" என்றான்.

ஒன்பது ஐந்துக்கு விசுவமடுவில் அந்த வீட்டுப் படலையில் இறங்கினோம். வீரகத்தி மாமா வெள்ளைச் சட்டையோடு வந்து வரவேற்றார். முதலில் இறங்கியது ஆறடி.

"வணக்கம் ஐயா, நான் பிரதாபன்."

"வாங்கோ, வாங்கோ! எழுதின உயரம் அப்பிடியே இருக்கு" என்று மாமா அவருடைய கையைப் பிடித்தார்.

பூசணிக்காயை அணைத்தபடி அடுத்தவர் இறங்கினார். "வணக்கம் ஐயா, நான் பிரதாபன்."

மாமா அவரைப் பார்த்தார். பூசணிக்காயைப் பார்த்தார். "குனிஞ்சோ நிக்கிறீங்கள்?" என்று மெல்லக் கேட்டார்.

"இல்லை ஐயா, நிமிந்தால் இவ்வளவுதான்."

அதற்குள் ஒலிபெருக்கி கிர் என்றது. "விசுவமடு வாழ் பெருமக்களே, வணக்கம்! நெடுங்கேணியிலிருந்து வருகை தந்திருக்கும் அடியேன், பிரதாபன்..." பக்கத்து வளவுகளில் யார் செத்தது என்று கேட்க நான்கு பேர் ஓடிவந்தார்கள்.

மாமா முற்றத்துக் கதிரையில் இருந்துவிட்டார். "மூண்டு பேரோ?" என்றார்.

"நாலு ஐயா" என்றேன்.

தம்பி கடைசியாக இறங்கினான். மாமா எழும்பினார். "இவர் என்ரை கண்டுக்குட்டியை ஏத்திவிட்ட பெடியன் ரூபன் எல்லோ?"

"அவன்தான் மாப்பிள்ளை. பதிவிலை பிரதாபன்."

"வீட்டுப் பேரும் ஒண்டு இருக்கும் எண்டு கேக்க மறந்துபோனன்" என்று மாமா சொன்னார். பாவமாக இருந்தது. "பதினொரு கலியாணம் விசாரிச்சனான் பிள்ளை. ஒண்டுகூடப் பிழைக்கேல்லை. என்னையே வீட்டிலை வீரகத்தி எண்டு கூப்பிடுறேல்லை, பாத்தீங்களோ, ஐயாத்துரை எண்டுதான் கூப்பிடுறவை. எனக்கே இது நினைவு வரேல்லை."

கஜனியின் தாயார் இராசேஸ்வரி எங்களை உள்ளே கூப்பிட்டு இருத்தினார். தகப்பனார் அன்றும் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். செய்தி கேட்டு அயலட்டைச் சனம் எல்லாம் வந்துவிட்டது. ஆனால் எல்லோரும் சுற்றி நின்றது மற்ற மூன்று பேரையும்தான். ஒருவர் கரப்பந்தாட்டக்காரரோடு படம் எடுத்தார். இரண்டு பேர் பூசணிக்குப் பசளை என்ன என்று கேட்டார்கள். ஒருவர் அறிவிப்பாளரிடம் தன் தகப்பனின் ஆண்டுத் திவசத்துக்கு நாள் கேட்டார். என் தம்பி வாசலோரம், செருப்புகளுக்குப் பக்கத்தில், ஒரு ஸ்ரூலில் இருந்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவன் கவனிக்கப்படாமல் இருப்பதுதான் எங்களுக்கு நல்லது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒருவராவது திரும்பிப் பார்க்கக்கூடாதா?

கஜனி தட்டத்தில் தேத்தண்ணி கொண்டுவந்தாள். சனம் கூடிவிட்டதால் வாசல்வரை வரும்போது ஒரு கோப்பை குறைந்துவிட்டது. வெறும் தட்டத்தோடு தம்பிக்கு முன்னால் நின்றாள்.

"நீங்கள்?"

"நானும் பிரதாபன்."

"நீங்கள் என்ன வெண்டனீங்கள்?"

"ஒண்டும் வெல்லேல்லை."

"பெரிசா ஏதும் காய்ச்சதோ?"

"ரெண்டு பூசணிக்காய். சின்னன்."

"மேடையிலை பேசுவீங்களோ?"

தம்பி தலையை ஆட்டி இல்லை என்றான். அதையும் பேசி வீணாக்கவில்லை. கஜனியின் முகம் கொஞ்சம் தெளிந்தது. இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கவேண்டும்.

"அப்பிடிச் சொல்லாதை தம்பி!" என்றேன். சபை முழுக்கத் திரும்பியது. "பிள்ளை, அவன் பொய் சொல்லுறான். மூண்டாம் வகுப்பிலை அழகிய கையெழுத்துக்கு ரெண்டாம் பரிசு. ஒட்டுசுட்டான் வரைக்கும் அவனைத் தேடி வருகினம். சத்தத்தைக் கேட்டே பிழை சொல்லுவான். இந்த மாகாணத்திலையே அவனைப்போல..."

கஜனி தட்டத்தை மார்போடு அணைத்தாள். "தேடி வருகினமோ?" என்றாள். "எத்தனை மணிக்கு?"

அம்மா என் தொடையில் கிள்ளினார். அந்த அடையாளம் நான்கு நாள் இருந்தது. நான் என் வாயாலேயே அவனைப் பேர்போனவன் ஆக்கிவிட்டேன் என்று விளங்கியபோது கண் கலங்கிவிட்டது.

"அக்கா" என்று தம்பி என்னைப் பார்த்துச் சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு எழும்பி நின்று கஜனியிடம் சொன்னான். சொற்களை அப்படியே தருகிறேன்.

"வருகினம். விடிய ஏழு மணிக்குப் பிறகு வருகினம். பின்னேரம் ஆறு மணிக்கு நான் சாவிப் பெட்டியைப் பூட்டிப்போட்டு வீட்டை வந்திடுவன். மழை எண்டால் அஞ்சரை. பிறகு ஒருத்தர் வந்தாலும் நாளைக்கு வாங்கோ எண்டுதான் சொல்லுறனான். அக்கா எனக்கு எப்பவும் கூட்டித்தான் சொல்லுவா. அவாவுக்கு நான் ஒருத்தன்தானே."

வாசலில் நின்ற அயலவர் ஒருவர், "மனிசன் மழைக்கும் கணக்கு வைச்சிருக்கிறார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கஜனி சிரிக்கவில்லை. அவள் மாமாவைப் பார்த்தாள்.

"மாமா, உண்மையோ எண்டு விசாரிப்பீங்களோ?"

மாமா மூன்று பிரதாபன்களையும் பார்த்தார். "ஆறு மணிக்கு இவர் எங்கை நிப்பார்?"

"ஆறு மணிக்குப் பிறகு இவரை ஊரிலை ஒருத்தரும் கண்டதில்லை ஐயா" என்றார் கரப்பந்தாட்டப் பிரதாபன். "ஒருக்கால் இறுதி ஆட்டத்துக்குக் கூப்பிட்டனான், ஆறரைக்கு. வரேல்லை."

"என்ரை தோட்டத்து மிசினைப் பாதியிலை விட்டுட்டுப் போனவர்" என்றார் பூசணிக்காய்ப் பிரதாபன். "ஆறு மணியாம். அண்டைக்கு எனக்குச் சரியான கோவம்."

"திருவிழாவிலை ஒருநாளும் காணேல்லை" என்று அறிவிப்பாளர் பெட்டி இல்லாமலே அறிவித்தார்.

என் தம்பியைப் பற்றி அவ்வளவு நல்ல வார்த்தைகளை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை.

கஜனி திரும்பிக் குசினிக்குள் போனாள்.  பிறகு ஒரு கோப்பை தேத்தண்ணியோடு வந்தாள். தம்பி வாங்கி, நின்றபடியே குடித்தான். "அம்மா, எனக்குச் சரி" என்று அவள் தாயிடம் சொன்னாள். பிறகு தம்பியைப் பார்த்து, "அஞ்சரை எண்டது மழைக்கோ, தூறலுக்கோ?" என்று கேட்டாள்.

"தூறலுக்கும்" என்றான்.

கலியாணம் ஆனி மாதம் நெடுங்கேணியில் நடந்தது. பதிவு எழுத்தும் அன்றே. மூன்று பிரதாபன்களும் வந்தார்கள். அறிவிப்பாளர் மைக் பிடித்தார், வேண்டாம் என்று சொல்லியும். தம்பியும் கஜனியும் எங்கள் வளவுக்குப் பக்கத்து வளவில் குடியிருக்கிறார்கள். கஜனி இப்போது நெடுங்கேணியில் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். தம்பி பேசுகிற சொல்லை நான் மறுபடியும் எண்ணினேன். நூற்றுப்பதின்மூன்று. "ஓம்" அறுபத்தொன்று.

இதை எழுதிக்கொண்டிருக்கும் இன்று தம்பி வரும்போது ஆறு எட்டு. கஜனி படலையில் நின்றாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"என்ன பிந்திப்போச்சு?"

"பூசணிக்காய்ப் பிரதாபன் வழியிலை மறிச்சவர். உழவுமிசின் பெட்டியிலை காய் ஏத்த."

"உந்தப் பேர்போன ஆக்களோடை கனக்கச் சேராதையுங்கோ" என்றாள் கஜனி.

"ஓம்" என்றான் தம்பி.